ஒரே ரேஷன் அட்டையில் ஐந்து ஐடி

கொடைக்கானல் மேல்மலையில் ஒரே அடுப்பில் சமைத்து உண்ணும் கூட்டுக்குடும்பம் எங்களுடையது. அம்மா, நான், என் மனைவி, தம்பி, தம்பி மனைவி என ஐந்து பேருக்கும் ஒரே ரேஷன் அட்டை. அந்த ஐந்து பேரையும் ஒரே நாள் மாலையில், ஒரே பாயில் உட்காரவைத்து, கடை இல்லாமல் உறுப்பினர்கள் வழியாகவே பொருள் விற்கும் ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தில் தனித்தனி உறுப்பினர்களாகச் சேர்த்துவிட்டுப் போனவர் எங்களுக்கு நெருங்கிய உறவினர். வத்தலக்குண்டிலிருந்து வந்திருந்த அவருடைய பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. இந்த முறை எந்த நிறுவனத்தின் பெயராலும் உங்கள் வீட்டுக்கு வரலாம் என்பதால், முறையை மட்டும் விளக்குகிறேன்.

வடுகபட்டிச் சந்தையில் பூண்டு விற்ற பணம் கையில் இருந்த வாரம் அது. "மாப்ளே, நீங்க வெளியில போய் ஒருத்தர்கிட்டயும் கெஞ்ச வேண்டாம். லெஃப்டும் ரைட்டும் உங்க வீட்டுக்குள்ளயே இருக்கு" என்று சொல்லி, அவர் ஒரு தாளில் படம் வரைந்தார். மேலே நான், எனக்கு இடப்பக்கம் என் மனைவி, வலப்பக்கம் தம்பி, மனைவிக்குக் கீழே அம்மா, தம்பிக்குக் கீழே தம்பி மனைவி. பார்ப்பதற்குக் குடும்பப் படம் போலவே இருந்ததால், அதை வணிக ஏற்பாடாக யாரும் உற்றுப் பார்க்கவில்லை. உரக்கடையில் பதினோரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதும் நானும் பார்க்கவில்லை என்பதைத்தான் இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சேருவதற்குக் கட்டணம் கிடையாது, பொருள்தான் வாங்குகிறீர்கள் என்றார். ஒரு ஐடிக்கு, அதாவது ஓர் உறுப்பினர் எண்ணுக்கு, 9,500 ரூபாய்ப் பொருள் வீதம் ஐந்துக்கும் 47,500 ரூபாய். தம்பி மனைவி தன் பங்குக்காகச் சங்கிலியை அடகு வைத்தாள். அதன் பிறகு ஐடி 'ஆக்டிவ்' ஆக இருக்க வேண்டுமானால் மாதந்தோறும் ஒவ்வொருவரும் 1,200 ரூபாய்க்கு மறுபடியும் பொருள் வாங்க ('ரீபர்ச்சேஸ்' செய்ய) வேண்டும் என்பது இரண்டாம் மாதத்தில்தான் தெரியவந்தது. சோப்பு, பற்பசை, ஷாம்பூ எல்லாம் சேர்த்து மாதம் ஏறக்குறைய 1,100 ரூபாய் செலவழித்துவந்த வீட்டில் அந்தச் செலவு 6,000 ரூபாயானது. ஐந்து பேரும் ஒரே குளியலறையைப் பயன்படுத்தும் வீட்டில் ஐந்து ஐடிக்கும் தனித்தனியாகப் பற்பசை வந்து இறங்கினால், அதை யார் தேய்த்துத் தீர்ப்பது?

இனி அந்தப் படத்தின் உள்கணக்கைச் சொல்கிறேன். 'பைனரி' எனப்படும் இந்தத் திட்டத்தில், ஒருவருக்குக் கீழே இடப்பக்கமும் வலப்பக்கமும் விற்பனை நடந்து, இரண்டும் ஜோடி சேர்ந்தால்தான் கமிஷன் கிடைக்கும். என் மனைவிக்குக் கீழே அம்மா ஒரு பக்கம் மட்டும் இருந்தார், மறுபக்கம் காலி. தம்பிக்குக் கீழே அவன் மனைவி ஒரு பக்கம் மட்டும், மறுபக்கம் காலி. அம்மாவுக்கும் தம்பி மனைவிக்கும் கீழே ஒருவருமே இல்லை. ஆகவே ஐந்து பேரில் ஜோடி சேர்ந்தது எனக்கு மட்டும்தான். எட்டு மாதங்களில் ஐந்து ஐடிக்குமாக நாங்கள் கட்டிய தொகை 89,500 ரூபாய். வந்த கமிஷன் 11,340 ரூபாய். அது முழுவதும் என் ஒருவன் கணக்கில் விழுந்தது. மற்ற நால்வருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை. எங்கள் ஐந்து பேரின் கொள்முதலும், எனக்கு மேலே இருந்த உறவினருடைய ஒரு பக்கத்தில் முழுமையாகச் சேர்ந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு வந்ததும் வருமானம் அன்று. வெளியார் ஒருவர்கூட எங்களிடம் எதையும் வாங்கவில்லை என்பதால், எங்கள் அடுக்களையிலிருந்து போன பணத்தில் ஒரு சிறு துண்டு என் வங்கிக் கணக்கின் வழியாகத் திரும்பி வந்தது, அவ்வளவுதான். கமிஷன் வந்ததாக மாதந்தோறும் வரும் செய்தியை நான் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் தம்பி அமைதியாகக் கேட்டான்: "அண்ணே, நான் சோப்பு வாங்குனா உனக்கு எதுக்குக் காசு வருது?" அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. அடகுச் சங்கிலியின் வட்டியை அவன் கட்டிக்கொண்டிருந்ததும் எனக்கு அன்றுதான் தெரியும். அதன் பிறகு இரண்டு மாதங்கள் அவர்கள் அறையில் தனியாக ஸ்டவ் எரிந்தது.

வெளியாட்களைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று உறவினர் சொன்னபோது, முதன்முறையாகக் கணக்கு எழுதுபவனாக உட்கார்ந்து பார்த்தேன். ஒருவருக்குக் கீழே இருவர் என்று இரட்டித்துக்கொண்டே போனால் 15ஆவது படியில் மட்டும் 32,768 பேர் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, குழந்தைகளையும் சேர்த்துக் கொடைக்கானல் நகரத்தில் இருந்தவர்களே 36,501 பேர்தான்.

விலகிக்கொள்ளலாம் என்று நிறுவனத்துக்கு எழுதியபோதுதான் பெரிய அடி விழுந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே ஐடிதான் வைத்திருக்கலாம் என்பது அவர்களுடைய ஒப்பந்த விதி. என் மனைவியின் ஆதாரில் திருமணத்துக்கு முந்தைய வத்தலக்குண்டு முகவரியே இருந்ததைப் பயன்படுத்திக்கொண்டு, உறவினர் அவளைத் திருமணமாகாதவள் என்று விண்ணப்பத்தில் பதிவுசெய்திருக்கிறார். எங்கள் கைபேசிகளுக்கு வந்த ஓடிபி எண்களை ஒவ்வொருவராக வாங்கி, விண்ணப்பம் முழுவதையும் நிரப்பியவர் அவரே. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் பெயரிலும் ஒப்பந்தம் ஏற்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. விதியை மீறியவர்கள் நாங்கள் என்று சொல்லி, நிறுவனம் மனைவியின் ஐடியை நீக்கியதோடு, எனக்கு வர வேண்டிய கடைசி இரண்டு மாதக் கமிஷனையும் நிறுத்திவைத்தது. உறவினர் மேல் எந்த நடவடிக்கையும் எடுத்ததாகத் தெரியவில்லை.

2021 டிசம்பர் 28 அன்று மத்திய அரசு வெளியிட்ட நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகளை அப்போதுதான் படித்தேன். நேரடி விற்பனை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட தொழில்தான். ஆள் சேர்ப்பதையே வருமானமாக்கும் பிரமிடு திட்டமும், ஆள் சேர்த்தால் சீக்கிரம் பணம் வரும் என்று ஆசைகாட்டும் பணச்சுழற்சித் திட்டமும்தான் தடைசெய்யப்பட்டவை. விற்பனையாளரிடம் சேர்க்கைக் கட்டணம் வாங்கக் கூடாது, எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இருக்க வேண்டும், அபராதமின்றி விலகிக்கொள்ள ஒரு கால அவகாசம் தர வேண்டும், குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் ஒப்பந்தத்தில் அந்த அவகாசம் 30 நாள் என்று இருந்தது. "ஒரு மாசம் பொறுங்க மாப்ளே, ரெண்டாவது மாசத்துலதான் காசு பேசும்" என்று உறவினர் முன்பு சொன்னதன் பொருள் எனக்கு அப்போது விளங்கியது.

யாராவது உங்கள் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஐடி போடலாம் என்று வந்தால், ஒப்பந்தத்தைக் கையில் வாங்கி, ஒரே வீட்டாரைப் பற்றியும் கணவன் மனைவியைப் பற்றியும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் தேடுங்கள். ஓடிபியை அவர் கையில் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரை எந்த இடத்தில் வைக்கிறார், உங்களுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறதா என்று படத்தில் கேளுங்கள். வீட்டுக்கு வெளியே இந்தப் பொருளைக் காசு கொடுத்து வாங்கும் பத்துப் பேரைக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் உறவினரிடம் அதைக் கேட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவுசெய்த பிறகு, பிரிக்காத டப்பாக்களை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொண்டு 13,800 ரூபாய் தந்தது. அதில் சங்கிலி மீண்டுவந்தது. புரதப் பொடி இன்னும் பரணில் இருக்கிறது. அம்மாவின் ஐடியை மூடும்படி மூன்று முறை எழுதியும் மூடவில்லை. மாதம் பிறந்தால் அவருடைய பட்டன் போனுக்கு, உங்கள் டீம் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று செய்தி வந்துவிடுகிறது. அவர் அதைத் தம்பியிடம் நீட்டி, யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்கிறார்.