சுங்கை சிப்புட் படக்கடை: ஜான்சி ராணிப் படைப் பாட்டிகளின் படங்களுக்கு
1943 அக்டோபர் 22இல் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் தொடங்கிய, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டப் பெண்கள் ஏராளம். அவர்களின் சீருடைப் படங்களைப் புதுப்பிக்க மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள இந்தக் கடையைத் தாராளமாக நம்பலாம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்ப்பதில்லை. பிய்த்தால் முகமே உரிந்துவிடும். கண்ணாடியோடு 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்கிறார்கள், பாஸ்போர்ட் அளவென்றால் 1200. பின்பக்க எழுத்தையும் எடுக்கச் சொல்லுங்கள்.

வண்ணம் ஏற்றுவதில்தான் குறை: மென்பொருள் காக்கியைப் பச்சையாக்கிவிடுகிறது. அந்தப் படையில் இருந்த ஜானகி தேவரைப்போல் நகையைக் கழற்றி நேதாஜியின் நிதிக்குக் கொடுத்து, துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு உதட்டுச்சாயம் பூசுவது அநியாயம். கறுப்பு வெள்ளையே போதும். ஃபிரேமில் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை விளிம்பு கேளுங்கள். இல்லாவிட்டால் நம் ஊர் ஈரத்துக்கு மறுபடி ஒட்டிக்கொள்ளும்.