12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்?

ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்டை வாங்கி மூன்றாண்டுகள் கடந்துவிட்டன. வீட்டு வரைபடங்களை பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாணப் படங்களாக்கிக் கொடுப்பது என் தொழில். இரவில் ரெண்டரை, அதாவது அந்தப் படங்களைக் கணினி உருவாக்கும் வேலையை, தொடங்கிவிட்டுப் படுத்தால், விடியும்வரை கார்டுக்கு ஓய்வே கிடையாது. மின்சாரம் போன ஒருநாளைத் தவிர, இத்தனை நாளில் ஒருமுறைகூடக் கணினி பாதியில் அணைந்ததில்லை. அந்த நிம்மதியைக் கொடுத்தது கார்டு அல்ல, கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.தான். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், இதற்கு முன்பு நான் பட்ட பாடு.

என் கணினி 2015-இல் அசெம்பிள் செய்தது. ஐ5-4460 ப்ராசஸர். எஸ்.எம்.பி.எஸ். தனியாக வாங்கியதல்ல, கேபினெட்டோடு சேர்ந்தே வந்தது. பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் 450 வாட் என்றிருந்தது. 2020-இல் ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர் கார்டு வாங்க முடிவுசெய்தேன். அந்தக் கார்டுக்கு 450 வாட் போதும் என்று அதைத் தயாரிக்கும் என்விடியாவே பரிந்துரைக்கிறது. என்னிடம் இருப்பதும் 450. கணக்கு சரியாக வந்ததால் மறுயோசனை இல்லாமல் வாங்கிவிட்டேன். கார்டுக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் 8 பின் இணைப்பு என் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இல்லை என்றபோது, கடைக்காரர் ஓர் அடாப்டரை எடுத்துக் கொடுத்தார். பழைய ஹார்டு டிஸ்க்குகளுக்கான மோலெக்ஸ் முனைகள் இரண்டைச் சேர்த்து 8 பின்னாக மாற்றும் சின்னக் கம்பி.

சிறிய வேலைகள் ஓடின. பெரிய ரெண்டர் வைத்தால் சில நிமிடங்களில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். நீலத்திரையும் இல்லை, பிழைச்செய்தியும் இல்லை. விசிறிகள் நின்று அறையே அமைதியாகிவிடும். ரேமை மாற்றிச் செருகிப் பார்த்தேன். டிரைவரை மாற்றினேன். விண்டோஸை முழுவதும் அழித்து மறுபடி நிறுவினேன். இரண்டு வாரங்கள் போயின, ஒரு வாடிக்கையாளரும் போனார்.

கடைசியில், கணினி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவருக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கார்டை விடு தம்பி. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படி. 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது?" என்று கேட்டார்.

பக்கத் தகட்டைக் கழற்றி, கைப்பேசி வெளிச்சத்தில் படித்தேன். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. 12 வோல்ட்டுக்குக் கீழே 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். ப்ராசஸர் 84 வாட், கார்டு 125 வாட். இரண்டுக்கும் மின்சாரம் வருவது அந்த 12 வோல்ட் வழியாகத்தான். கூட்டினால் 209. ஹார்டு டிஸ்க்கையும் விசிறிகளையும் இன்னும் சேர்க்கவே இல்லை. எல்லாக் கட்டங்களையும் ஒன்றாகத் திரட்டிப் போட்ட எண்தான் அந்த 450. கார்டுக்கு உதவாத 3.3, 5 வோல்ட்டுகளின் பங்கும் அதில் அடக்கம்.

அடாப்டரைப் பிடுங்கிப் பார்த்தேன். மஞ்சள் கம்பி நுழையும் இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. முகர்ந்தால் தீய்ந்த வாடை. இரவெல்லாம் இதை ஓடவிட்டுப் பக்கத்து அறையில் குழந்தைகளோடு தூங்கியிருக்கிறேன் என்று நினைத்தபோது நெஞ்சு பதறியது. 8 பின் இணைப்பு இல்லாத எஸ்.எம்.பி.எஸ்.ஸை அப்படிப்பட்ட கார்டுக்காக யாரும் செய்யவில்லை என்பதை அன்று புரிந்துகொண்டேன். இப்போதைய ஹார்டு டிஸ்க்குகளுக்கான சாட்டா முனையிலிருந்து மாற்றும் அடாப்டர் இன்னும் ஆபத்து. அந்த முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான்.

கையில் பணம் இல்லாததால் கார்டைத்தான் மாற்றினேன். ஜி.டி.எக்ஸ். 1650, 75 வாட். கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும் என்பதால் தனிக் கம்பி தேவையில்லை. ஆனால் அதே பெயரில் 6 பின் கேட்கும் மாடல்களும் விற்கின்றன. பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இரண்டாண்டுகள் அது தொல்லையே கொடுக்கவில்லை. 4 ஜி.பி. நினைவகம் பெரிய காட்சிகளுக்குப் போதவில்லை என்பது மட்டுமே குறை.

பிறகு பணம் சேர்த்து, முதலில் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் அடுத்த மாதம் கார்டையும் வாங்கினேன். 550 வாட், லேபிளில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர், அதாவது 540 வாட். ஏறக்குறைய முழுத் திறனும் 12 வோல்ட்டிலேயே கிடைக்கிறது. 80 பிளஸ் முத்திரையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதைத்தான் அது சொல்லும். 3060-க்கு 170 வாட், ப்ராசஸருக்கு 84, மற்றவற்றுக்கு ஒரு 40. மொத்தம் முந்நூறுக்குள் அடங்கும்போது 550 எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தம் அளவைத் தாண்டி இழுத்துவிட்டு இறங்கும். அந்த எகிறலைத் தாங்க இடம் வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.களுக்காக 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 தரம் இதற்கென்றே விதி வகுத்திருக்கிறது.

யு.பி.எஸ்.ஸை நான் யோசிக்கவே இல்லை. என்னுடையது 600 வி.ஏ., அதாவது 360 வாட். ஒருநாள் மின்சாரம் போனதும் கீச்கீச்சென்று கத்திவிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. பிளக்கில் செருகும் வாட்மீட்டர் வாங்கி அளந்தேன். ப்ராசஸரும் கார்டும் சேர்ந்து ரெண்டர் செய்யும்போது கணினி 345 வாட், மானிட்டரோடு 370. புது யு.பி.எஸ். வாங்குவதற்குப் பதில், ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் மின் வரம்பை 80 சதவீதமாகக் குறைத்தேன். மொத்தம் 330-க்கு இறங்கியது. பத்து நிமிடம் எடுத்த படத்துக்கு அரை நிமிடம் கூடியது, விசிறியின் இரைச்சல் பாதியானது. அன்றிலிருந்து அப்படியேதான் வைத்திருக்கிறேன். மின்தடை வந்தால் கோப்பைச் சேமித்து அணைக்க நேரம் கிடைக்கிறது, அது போதும்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் கேபினெட்டைத் திறந்து தூசி ஊதுவேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு வெளியிலிருந்து மட்டும். உள்ளிருக்கும் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், அதைத் திறக்கக் கூடாது.

சென்ற மாதம் அக்கா மகன் அழைத்தான். அலுவலகங்களில் கழித்துவிடும் சின்னக் கணினி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கியிருக்கிறான். "மாமா, எந்தக் கார்டு போடலாம்?" என்றான். லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 240 வாட், கூடுதல் இணைப்பு எதுவும் இல்லை, வேறு எஸ்.எம்.பி.எஸ். அந்தப் பெட்டிக்குள் பொருந்தவும் பொருந்தாது. ஆர்.டி.எக்ஸ். 3050-இல் 6 ஜி.பி. மாடல், 70 வாட், குட்டை வடிவம் என்று எழுதிக் கொடுத்தேன். 8 ஜி.பி. மாடல் 130 வாட், கடையில் அதை நீட்டினால் வாங்காதே என்றும் சேர்த்து எழுதினேன். கடை வாசலிலிருந்து பெட்டியின் படத்தை அனுப்பினான். 6 ஜி.பி.தான். வாங்கு என்றேன்.