இந்தோனேசியாவில் டிவியா, யூடியூபா?

இந்தோனேசிய ரசிகர்கள் டிவியை விட்டு யூடியூபுக்குத் தாவியதற்கு மலிவான செல்போனைத்தான் பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகவே படுகிறது. டிவி யாருடைய பேச்சைப் பேசியது என்று பார்த்தால் மீதியும் புரியும்.

அங்கே முதல் தனியார் சேனல் ஆர்.சி.டி.ஐ., 1989-ல் வந்தது. அடுத்தடுத்து வந்த சேனல்களும் ஜகார்த்தாவிலேயே குவிந்தன. டிவியின் பெரிய சரக்கு 'சினெத்ரோன்' எனப்படும் சீரியல். ரேட்டிங் இருக்கும்வரை இழுப்பார்கள். கஞ்சி வியாபாரி ஒருவரின் கதை 2012 முதல் 2017 வரை 2,000 எபிசோடுகளைத் தாண்டி ஓடியது. இதிலெல்லாம் ஜகார்த்தா பேச்சுதான். நடு ஜாவா, கிழக்கு ஜாவா பக்கத்து ஜாவானிய மொழியின் வாடையோடு பேசுகிறவர் பெரும்பாலும் வேலைக்காரம்மாவாக வருவார். நாட்டில் பத்தில் நான்கு பேர் ஜாவானியர்கள் என்பதை நினைத்தால் இது கோபம் வரவேண்டிய விஷயம்.

யூடியூபில் 'திலிக்' குறும்படத்தைப் பாருங்கள். 2018-ல் எடுத்தது, 2020 ஆகஸ்டில் யூடியூபில் ஏறியதும் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். யோக்யகர்த்தா பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் லாரியின் பின்னால் நின்றுகொண்டு, ஆஸ்பத்திரியில் இருக்கும் ஊர்த்தலைவியைப் பார்க்கப் போகிறார்கள். வழி நெடுக ஓர் இளம்பெண்ணைப் பற்றிய வம்பு. போலீஸ்காரர் லாரியை மறித்தால் அவரையும் விடுவதில்லை. அரை மணி நேரமும் ஜாவானியப் பேச்சுதான். அதில் வரும் வம்புக்கார 'பூ தேஜோ'வை (தேஜோ அம்மாவை) நாடே பேசியது. இப்படி ஒரு படத்தை எந்தச் சேனல் பிரைம் டைமில் போட்டிருக்கும்?

பாட்டிலும் இதே கதைதான். ஜாவானிய மொழியில் காதல் தோல்விப் பாடல்கள் பாடிவந்த தீதி கெம்போத், 2019-ல் ஒரு யூடியூப் பேட்டிக்குப் பிறகு கல்லூரிப் பிள்ளைகளின் நாயகர் ஆனார். மறு வருஷம் மே மாதம் இறந்துபோனார்.

கட்டுப்பாடு என்று வந்தால் டிவி பக்கம் நியாயம் உண்டு. ஒளிபரப்பு ஆணையம் டிவியைக் கண்காணிக்கிறது. யூடியூப் அதன் கைக்கு எட்டாது. 2020-ல் பாண்டுங்கில் ஒரு யூடியூபர், நிவாரணப் பொட்டலம் என்று திருநங்கைகளுக்குக் குப்பையைக் கொடுத்துப் படம்பிடித்துக் கைதானார். அதே வருஷம் ஆர்.சி.டி.ஐ., இணைய ஒளிபரப்பையும் ஒளிபரப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரக் கேட்டு அரசியல் சாசன நீதிமன்றம் போனது. 2021 ஜனவரியில் மனு தள்ளுபடி. தள்ளியது சரிதான், அனுமதி வாங்கித்தான் வீடியோ போட வேண்டும் என்றிருந்தால் முதலில் அடிபடுவது கிராமத்துப் பையன்கள்தான்.

டிவி இன்னும் ஜெயிக்கும் இடம் பாட்டுப் போட்டி. இந்தோசியார் சேனலின் 'தாங்துத்' (அந்நாட்டு ஜனரஞ்சக இசை) போட்டிக்குப் பல மாகாணங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், பார்க்க டேட்டாவும் செலவாகாது. கதைக்கும் காமெடிக்கும் நான் யூடியூபையே சொல்வேன்.

சந்தா கட்டிப் பார்க்கும் 'விடியோ' ஆப் மட்டும் வேறு ரகம். எஸ்.சி.டி.வி. சேனலின் தாய் நிறுவனமான எம்டெக்தான் அதற்கும் முதலாளி. அங்கே வரும் தொடர்களிலும் பெரும்பாலும் ஜகார்த்தா பேச்சுதான் ஆளுகிறது.