ஆறு வருட பிசியோதெரபி: என் கோபமெல்லாம் அந்தத் தாள்மேல்தான்

மகளின் பாதத்தையும் கணுக்காலையும் தாங்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் இன்றைக்குத்தான் ரிப்பேரிலிருந்து வந்தது. கணுக்கால் பட்டையின் வெல்க்ரோ பிடிக்காமல் போய் மூன்று வாரம். தலைமுடி, சாக்ஸ் நூல், தரைத் தூசு எல்லாம் அந்தக் குட்டிக் கொக்கிகளுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதன்பிறகு பட்டை ஒட்டவேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒட்டும், முக்கியமாகப் போர்வையில். இப்போது புதுப் பட்டை போட்டு, ஆடிக்கொண்டிருந்த ரிவெட்டை இறுக்கி, எலும்பு உரசிய இடத்தைச் சூடு காட்டிக் கொஞ்சம் வெளியே தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். வேலை சுத்தம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் பைக்குள் ஸ்பிளின்டோடு ஒரு தாளும் இருந்தது. ‘வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகள்.’ எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.

அதே மதியம் தோழியிடமிருந்து செய்தி. “அம்மாவை நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்றாங்க. பிசியோ தொடரணும்னு சொல்லியிருக்காங்க. அதனால நிஜமாவே ஏதாவது ஆகுமாடி?” ஸ்ட்ரோக் வந்து மூன்று வாரமாகிறது அவள் அம்மாவுக்கு. ‘ஆகும், போ’ என்று இரண்டு சொல்லில் பதில் போட்டிருக்கலாம். கையில் அந்தத் தாள் இருந்ததால் போட முடியவில்லை.

எங்கள் வீட்டில் பிசியோவுக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். மகளுக்குப் பத்து வயது. செரிப்ரல் பால்சி, அதாவது சின்ன வயதிலேயே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் அசைவு சிரமமாவது. இரண்டு காலிலும் இறுக்கம், முதுகுக்குப் பின்னால் இழுத்து வருகிற மாதிரியான வாக்கரோடு நடப்பாள். ஆறு வருடமாக இது நடக்கிறது. அப்பாவுக்கு 71. மூன்று வருடத்துக்கு முன் ஸ்ட்ரோக், இடது பக்கம் விழுந்துவிட்டது. அதற்கு முன்பே இருபது வருடச் சர்க்கரை, பாதத்தில் உணர்வு பாதிதான், இரண்டு முழங்காலிலும் தேய்மானம்.

இந்த மாதிரி ஆட்களைத்தான் ‘சிக்கலான கேஸ்’ என்கிறார்கள். சிக்கல் எங்கே இருக்கிறது என்று கூட இருந்து பார்த்தால்தான் தெரியும். முழங்கால் டாக்டர், தாழ்வான இடத்தில் உட்காராதீர்கள் என்பார். ஸ்ட்ரோக்குக்குப் பார்க்கிற தெரபிஸ்ட், உட்கார்ந்து எழுந்திருப்பதுதான் மருந்து என்பார். பாதம் தொங்குகிறது, ஸ்பிளின்ட் போடுங்கள் என்று ஒருவர் சொல்ல, உணர்வில்லாத காலில் பிளாஸ்டிக்கை மாட்டினால் புண் வந்தாலும் தெரியாதே என்று சர்க்கரை டாக்டர் கேட்பார். மூன்று பேர் சொல்வதும் சரி. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு நாளுக்குள் அடைக்கவேண்டியது மட்டும் வீட்டில் இருப்பவர் வேலை. இதற்கென்று எந்தப் படிப்பும் படிக்காத அந்த ஆள் நான்.

சேர்ப்பதற்காக அவர்கள் தருவதுதான் அந்தத் தாள். ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டி வைப்பேன். ஒரு கட்டத்தில் அப்பாவுக்குப் பதினான்கு, மகளுக்கு ஒன்பது, மொத்தம் இருபத்து மூன்று பயிற்சிகள் தொங்கின. புது ஆள் வந்தால் புதுத் தாள். பழையதில் எதை விடலாம் என்று ஒருவரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டுத் தாள்களுக்குக் கூட்டல் மட்டும்தான் தெரியும், கழித்தல் தெரியாது.

ஒருநாள் கணக்குப் போட்டேன். மகளின் தாளில் ஸ்ட்ரெச்சிங் மட்டும்: ஒரு தசைக்கு 30 வினாடி, ஐந்து முறை. கெண்டைக்கால், பின்தொடை, உள்தொடை, இடுப்பின் முன்பக்கம் என நான்கு தசை, இரண்டு கால், நாளைக்கு இரண்டு வேளை. பிள்ளை ஒருமுறைகூடச் சிணுங்காமல், புரளாமல், பாத்ரூம் போகவேண்டும் என்று சொல்லாமல் இருந்தால் 40 நிமிடம். என் பிள்ளை அப்படிப்பட்ட பிள்ளை இல்லை.

செய்யாத நாளில் வரும் குற்ற உணர்ச்சி இருக்கிறதே, அது தனி நோய். அடுத்த முறை போகும்போது, “வீட்டுல பண்றீங்களா?” என்று கேட்பார்கள். “பண்றோம் மேடம்” என்பேன். அவர்கள் மகளின் கணுக்காலை மடக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொள்வார்கள். அந்த மௌனத்துக்கு ஸ்கூலில் ஹோம்வொர்க் காட்டாமல் நின்றதே தேவலை.

இதில் இன்னும் எரிச்சல் மூட்டியது பிறகு தெரிந்துகொண்ட ஒரு விஷயம். பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பாய்வு, நரம்பு சம்பந்தமான பாதிப்பு உள்ளவர்களுக்கு ஏழு மாதத்துக்கும் குறைவாகச் செய்யும் ஸ்ட்ரெச்சிங்கால் மூட்டின் அசைவில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் வருவதில்லை என்கிறது. அயோனா நோவாக் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரின் குழு 2013-இல் செரிப்ரல் பால்சிக்கான சிகிச்சைகளைப் போக்குவரத்து விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தது. பச்சை என்றால் பலன் உண்டு, செய்யலாம். குழந்தைக்கு வேண்டிய ஒரு காரியத்தை அப்படியே பழக்குவதும், இடுப்பு மூட்டைக் கண்காணிப்பதும் பச்சையில் இருக்கின்றன. நியாயமாகச் சொல்லவேண்டுமென்றால் வீட்டுப் பயிற்சியும் பச்சையில்தான் இருக்கிறது. அதனால் வீட்டில் செய்யச் சொல்வது தப்பு என்று நான் வாதாட முடியாது. எதைச் செய்யச் சொல்கிறார்கள் என்பதில்தான் என் சண்டை. (இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே ஸ்ட்ரெச்சிங்கை நிறுத்திவிட வேண்டாம். உங்கள் தெரபிஸ்டிடம் எதற்காக இது என்று கேளுங்கள். கேட்க உரிமை உண்டு. எனக்கு அது தெரிய நான்கு வருடம் ஆனது.)

அந்த நான்காவது வருடத்தில்தான் பேனாவோடு ஒரு புது தெரபிஸ்ட் வந்தார்.

முதல் நாள் அவர் மகளைத் தொடவே இல்லை. தரையில் உட்கார்ந்து, “உனக்கு ஸ்கூல்ல எது ரொம்பக் கடுப்பா இருக்கு?” என்று அவளிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. அவள் யோசித்துவிட்டு, “தண்ணி பாட்டில் ரொப்பத் தெரியல ஆன்ட்டி. வேற யாராவதுதான் ரொப்பித் தராங்க” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு வருடத்தில் இது என் காதில் விழுந்ததே இல்லை. வாக்கர் பிடிக்கிற பிள்ளைக்கு இரண்டு கையும் வாக்கரிலேயே போய்விடுகிறது, எதையும் தூக்க முடியாது. குழாயடியில் நின்று ஒரு கையை விட்டால் விழுந்துவிடுவோம் என்ற பயம் வேறு.

அவர் ஃபிரிட்ஜ் தாளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்து, “இது யாருக்காகச் செய்றோம்?” என்று முணுமுணுத்தபடி அடித்துக்கொண்டே வந்தார். நீல மை. ஒன்பதில் ஏழு போயிற்று. மிச்சம் இருந்த இரண்டோடு புதிதாக ஒன்று எழுதினார்: பல் தேய்க்கும்போது வாஷ்பேசினைப் பிடித்த ஒரு கையை விட்டு நிற்கவேண்டும். முதலில் ஐந்து எண்ணும் வரை. பல் எப்படியும் தேய்க்கத்தானே போகிறோம்? இரவில் ஸ்பிளின்ட் போட்டுப் படுத்தால், நான் கையால் இழுத்துப் பிடித்த சில நிமிடங்களுக்குப் பதில் கெண்டைக்கால் மணிக்கணக்கில் நீண்டிருக்கும் என்றார். கழற்றியதும் தோலைப் பார்க்கவேண்டும், சிவப்பு அரை மணி நேரத்துக்குள் மறையாவிட்டால் மறுபடி மாட்டாமல் கொண்டுவாருங்கள் என்றார். சரி, இவ்வளவுதானா என்று எனக்கே சந்தேகம்.

நான்கு மாதம் கழித்து ஒருநாள் பாட்டில் முக்கால்வாசி நிறைந்து, சட்டை முழுதும் நனைந்து வந்தாள். வாக்கரில் ஒரு பையைக் கட்டி அதற்குள் பாட்டிலைப் போட்டிருந்தாள். பை யோசனை அவளுடையதே.

அப்பாவிடமும் அதே கேள்வி. அவர் கூச்சத்தோடு, ராத்திரி பாத்ரூம் போக என்னை எழுப்பவேண்டியிருக்கிறது, அது வேண்டாம் என்றார். பதினான்கு பயிற்சியில் திரும்புவதற்கு ஒன்றுகூட இல்லை. அப்பா நேராக நடப்பார், திரும்பும்போதுதான் தடுமாறுவார். பாத்ரூம் வாசல் குறுகலானது, அங்கே திரும்பாமல் எப்படி? எனவே திரும்புவதைப் பழக்கினார். சின்னச் சின்ன அடியாக, கடிகார முள் மாதிரி. கட்டிலின் உயரத்தைக் கூட்டி, முழங்கால் டாக்டர் சொன்னதையும் காப்பாற்றினார். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காருகிற சோதனை ஒன்று உண்டு. அதில் அப்பாவுக்கு 38 வினாடி எடுத்தது, ஐந்து மாதத்தில் 21 ஆனது. 12 வினாடியைத் தாண்டினாலே விழும் அபாயம் என்று வைத்துக்கொள்வார்கள், அதனால் 21 என்பது பெருமைப்படும் எண் இல்லை. அப்பா பெருமைப்பட்டார்.

பேனாக்காரருக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் மோசம் என்று தொனித்தால் அது அநியாயம். ஸ்ட்ரோக் வந்த புதிதில் அப்பாவை அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தோம். தோள்பட்டை வலி தாங்காமல் கத்துவார். ஓர் இளம் தெரபிஸ்ட் என் விரலைப் பிடித்து அப்பாவின் தோள் எலும்புக்குக் கீழே வைத்தார். பள்ளம். விரல் உள்ளே போனது. வலுவிழந்த தசையால் கையின் பாரத்தைத் தாங்க முடியாமல் மூட்டு கீழே இறங்கியிருந்தது. இனி கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, உட்காரும்போது கைக்குக் கீழே தலையணை வேண்டும், சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்கவேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் விடவேண்டும். பத்து நிமிடப் பாடம். வலி பாதியாகக் குறைந்தது. தோழி, உனக்காகத்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் முன்பு போய்க்கொண்டிருந்த பழைய இடத்தின்மேல் ஒரே ஒரு கோபம் இன்னும் ஆறவில்லை. மகளுக்கு இடுப்பில் வலியே கிடையாது, அதனால் யாரும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவில்லை. செரிப்ரல் பால்சியில் வலி இல்லாமலேயே தொடை எலும்பு இடுப்பு மூட்டின் கிண்ணத்திலிருந்து மெல்ல நகரும் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? இடம் மாறியபின் எடுத்தோம். ஒரு பக்கம் 34 சதவீதம் வெளியே. 30-ஐத் தாண்டினால் எலும்பு டாக்டர் பார்க்கவேண்டும். பார்த்தார், இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு படம். இரண்டு வருடம் ஸ்ட்ரெச்சிங் தாள் கொடுத்தவர்களுக்கு ஒரு எக்ஸ்ரே எழுதித்தரச் சொல்லத் தோன்றவில்லை.

“நடப்பாளா?” என்ற கேள்வியும் அப்படித்தான். கேட்டபோதெல்லாம் “முயற்சி பண்ணலாம்” என்றார்கள். செரிப்ரல் பால்சி குழந்தைகளின் அசைவுத் திறனை ஐந்து நிலையாகப் பிரிக்கும் முறை 1997-இலேயே வந்துவிட்டது. அந்த நிலைகளில் குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்ற வரைபடம் 2002-இல் வந்தது. ஐந்து வயதுக்குள் பெரும்பாலான முன்னேற்றம் வந்துவிடும் என்று அது காட்டுகிறது. என் மகள் மூன்றாம் நிலை, கையில் ஏதாவது பிடித்து நடப்பவள். அந்த வரைபடத்தைப் பேனாக்காரர்தான் காட்டினார். அன்றிரவு அழுதேன். மறுநாளிலிருந்து வாக்கர் இல்லாமல் நடக்கவைக்கும் பந்தயத்தை விட்டுவிட்டு, அவள் போகவேண்டிய இடத்துக்கு எப்படிப் போவாள் என்று பார்க்க ஆரம்பித்தோம். முன்பே காட்டியிருந்தால் முன்பே அழுதிருப்பேன், அவ்வளவுதானே?

பேனாக்காரர் இப்போது இல்லை, வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த தம்பி நல்லவன்தான். பொறுமை, சிரிப்பு, மகளுக்கு அவனைப் பிடிக்கிறது. அவன் அனுப்பியதுதான் இன்றைக்கு வந்த பதினொன்று. கெண்டைக்கால், 30 வினாடி, ஐந்து முறை. கோப்பில் முந்தையவர் எழுதியது அத்தனையும் இருக்கிறது, படித்தானா என்று தெரியவில்லை. அடுத்த வாரம் நானே பேனா எடுத்துக்கொண்டு போகப் போகிறேன். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கப் போகிறேன். கோபப்படாமல் கேட்கவேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொள்கிறேன்.

தோழிக்குக் கடைசியில் பதில் போட்டுவிட்டேன்: “திங்கட்கிழமையே கூட்டிட்டுப் போ. அம்மா கையைப் பிடிச்சு இழுக்காதே. அம்மாவுக்கு என்ன வேணும்னு அவங்ககிட்டயே கேக்கச் சொல்லு. தாள் கொடுத்தா, இதுல எதை விடலாம்னு கேளு.” அவள் உடனே, “அப்ப ரொம்ப நல்லதுன்னு சொல்ற. அஞ்சுக்கு எத்தனை கொடுப்பே?” என்றாள். இரண்டு என்று அனுப்பினேன்.

மணி ஒன்றரை. அப்பாவின் அறையில் கட்டில் கிறீச்சிடுகிறது. அப்புறம் கைத்தடி, செருப்பு, கைத்தடி, செருப்பு. வாசலுக்கு வந்ததும் சத்தம் நிற்கிறது, அங்கேதான் திரும்பவேண்டும். சின்னச் சின்னதாக நான்கைந்து உரசல். குழாய்ச் சத்தம். போனது போலவே திரும்பி வருகிறார், என்னைக் கூப்பிடவில்லை. இருந்தாலும் அந்த இரண்டை இன்றைக்கு மாற்றுவதாக இல்லை.