ரைசன் 5 5600ஜி: வெப் டிசைனுக்குப் போதுமா?

போதும். ஏஎம்டி-யின் இந்த புராசசரில் 6 கோர், 12 திரெட். ஃபிக்மா, போட்டோஷாப், முப்பது டேப் திறந்த குரோம் எல்லாவற்றையும் தாங்கும். உள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால் தனி கார்டு வேண்டாம். வீடியோ எடிட்டிங், 3டி வேலை உண்டென்றால் மட்டும் யோசிக்கலாம்.

ரேமில்தான் ஏமாறுவார்கள். சென்னையின் கம்ப்யூட்டர் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கொட்டேஷன் வாங்கினால் கடைக்காரர்கள் பெரும்பாலும் "16 ஜிபி ஒரே ஸ்டிக், அப்புறம் சேர்த்துக்கலாம்" என்பார்கள். வேண்டாம். இந்தச் சிப்பின் கிராபிக்ஸ் ரேமையே பங்கு போட்டுக்கொள்ளும். ஒற்றை ஸ்டிக்கில் அதன் வேகப்பாதை பாதியாகிவிடும். 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, டிடிஆர்4 3200 வாங்குங்கள். பயாஸில் (கணினியின் அடிப்படை செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பல ரேம்கள் 2133 அல்லது 2666-லேயே ஓடும். எஸ்எஸ்டி 1 டிபி என்விஎம்இ (வேகமான வகை). ஆனால் பிசிஐஇ 4.0 (Gen 4) எஸ்எஸ்டிக்கு அதிகக் காசு தண்டம், எஸ்எஸ்டி இணையும் இந்தப் பிசிஐஇ பாதை இந்தச் சிப்பில் 3.0 வரைதான்.

மிச்சக் காசு மானிட்டருக்கு. "45% என்டிஎஸ்சி" (குறைந்த நிற வீச்சு) என்றிருந்தால் தொடாதீர்கள்: வாடிக்கையாளரின் சிவப்பு உங்கள் திரையில் வெளுத்துத் தெரியும். ஐபிஎஸ் வகைத் திரை, எஸ்ஆர்ஜிபி (வெப்பின் வழக்கமான நிற அளவு) 99% பக்கம் இருக்கட்டும். 27 அங்குலம் என்றால் 1440பி (2560x1440) தெளிவு.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் போன்ற வடசென்னைக் கடலோரக்காரர்களுக்கு: உப்புக்காற்றில் ரேமின் தொடுமுனை கறுக்கும், ஆன் செய்தால் திரை வராது. பிளக்கைக் கழற்றிவிட்டு அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகினால் பெரும்பாலும் சரியாகும். கேபினெட்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள். யுபிஎஸ் கட்டாயம்.