இயற்பியல் பிஎச்.டி. விண்ணப்பம்: ஆசிரியருக்குப் பரிந்துரைக் கடிதத்துக்கான லிங்க் வந்ததா என்று இன்றே கேளுங்கள்

டிசம்பர் 15 நெருங்குகிறது. அமெரிக்காவில் நிறைய இயற்பியல் துறைகள் பிஎச்.டி. விண்ணப்பத்தை மூடுவது அந்த நாளையொட்டித்தான். கன்சல்டன்சி மூலமாக விண்ணப்பித்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். எனக்கு 1,35,000 ரூபாயும் ஒரு வருடமும் போனது. அந்தப் பணம் என் அத்தான் சொசைட்டியில் லோன் போட்டுக் கொடுத்தது. இன்னும் மாதாமாதம் அவர் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தேன். வெளிநாட்டில் ஆராய்ச்சிக்குப் போன யாரையும் எனக்குத் தெரியாது. 2023 ஜூலையில் சென்னையில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. எட்டுப் பல்கலைக்கழகம், ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பக் கட்டணம் 9,000, சர்வீஸ் சார்ஜ் 45,000, பிசிக்ஸ் ஜி.ஆர்.இ. என்ற சேர்க்கைத் தேர்வுக்கான வகுப்புக்கு 18,000. பில் கொடுத்தது 45,000க்கு மட்டும். "எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம் மேடம், நீங்க ஜி.ஆர்.இ.க்குப் படிங்க" என்றார் கவுன்சிலர். என் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கை அவர்களே தொடங்கினார்கள். பாஸ்வேர்ட் அவர்களிடம். மீட்புக்கான போன் நம்பரும் அவர்களுடையது. அன்றைக்கு அது எனக்கு வசதியாகத்தான் தெரிந்தது.

2024 பிப்ரவரியில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கக் கல்லூரிக்குப் போயிருந்தேன். என் புராஜெக்ட் கைடு சாரைப் பார்த்து, "லெட்டர் போட்டதுக்கு ரொம்ப நன்றி சார்" என்றேன். "எந்த லெட்டரும்மா? லிங்க் வரும் வரும்னு நானும் மெயிலைப் பாத்துக்கிட்டே இருந்தேன், ஒண்ணும் வரலியே" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. மற்ற இரண்டு ஆசிரியர்களிடமும் ஓடினேன். அவர்களுக்கும் வரவில்லை.

இந்த இடம் புரிய வேண்டும். பரிந்துரைக் கடிதம் நாம் வாங்கி இணைக்கிற காகிதம் இல்லை. விண்ணப்பத்தில் ஆசிரியரின் மெயில் முகவரியை நாம் கொடுப்போம். பல்கலைக்கழகத்திலிருந்து அவருக்கே லிங்க் போகும். அவர் கடிதத்தை அங்கே ஏற்றுவார், நம் கண்ணில் படாது. சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படிப்பது பேராசிரியர்கள். ஆராய்ச்சிக்கு இந்தப் பெண் தாங்குவாளா என்று அவர்கள் தெரிந்துகொள்வது பெரும்பாலும் இந்த மூன்று கடிதங்களிலிருந்துதான்.

மறுநாள் அத்தானும் நானும் கன்சல்டன்சியில் காலை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தோம். பாஸ்வேர்ட் கைக்கு வந்தபோது மணி நாலு. மெயிலைத் திறந்து பார்த்தால், எட்டில் ஐந்துதான் அனுப்பியிருக்கிறார்கள். மூன்று விண்ணப்பங்கள் பாதியில் நிற்கின்றன, அவற்றின் கடைசி நாள் எப்போதோ முடிந்துவிட்டது. அனுப்பிய ஐந்திலும் இரண்டு பிஎச்.டி.யே இல்லை, டேட்டா சயின்ஸ் எம்.எஸ்., முழுக் கட்டணம் கட்டிப் படிக்க வேண்டியவை. நான் அந்தப் படிப்பின் பெயரைக்கூட அவர்களிடம் சொன்னதில்லை. ரசீதுகளைக் கூட்டினால் 430 டாலர், ஏறக்குறைய 36,000 ரூபாய். என்னிடம் வாங்கியது 72,000.

அதைவிட மோசமானது, என் ஆசிரியர்கள் பெயரில் மூன்று ஜிமெயில் முகவரிகள் உருவாக்கி, அவர்களே கடிதம் எழுதி, அவர்களே ஏற்றியிருந்தார்கள். ஒரு பல்கலைக்கழகம் சந்தேகப்பட்டு ஜனவரியிலேயே மெயில் போட்டிருக்கிறது, ஆசிரியரின் கல்லூரி மெயில் முகவரியைப் பத்து நாளைக்குள் அனுப்பச் சொல்லி. அதை யாரும் திறக்கவே இல்லை. என் பெயரில், என் ஆசிரியர் பெயரில் ஒரு மோசடி. முப்பது வருடம் பாடம் எடுத்த மனுஷர் அவர். அவரிடம் போய் இதைச் சொன்ன நாளை நான் மறக்க மாட்டேன்.

எஸ்.ஓ.பி.யையும், அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பிப்பவர் எழுதும் கட்டுரையையும், அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தேன். சின்ன வயதில் மொட்டைமாடியில் படுத்து நட்சத்திரம் பார்த்தேனாம், அதனால் கருந்துளை ஆராய்ச்சியில் தீராத ஆர்வமாம். நான் எம்.எஸ்ஸி.யில் செய்தது துத்தநாக ஆக்சைடு மென்படலம். அலுமினியம் கலந்து, சூடான கண்ணாடித் தகட்டில் கரைசலைத் தெளிக்கும் ஸ்ப்ரே பைராலிசிஸ் முறையில் படிய வைத்து, எக்ஸ்.ஆர்.டி. என்ற எக்ஸ்-கதிர்ச் சோதனை எடுத்து, அதில் வரும் முகடுகளின் அகலத்திலிருந்து ஷெரர் சூத்திரத்தில் படிக அளவு கணக்கிட்டோம். முதல் கணக்கு தப்பாக வந்தது. அந்த முகடுகளைக் கருவியே கொஞ்சம் அகலப்படுத்திக் காட்டுகிற பங்கைக் கழிக்காமல் விட்டிருந்தேன். கழித்துப் போட்டதும் படிக அளவு கூடியது, அதுவரை எழுதியிருந்த முடிவையே மாற்ற வேண்டி வந்தது. அந்த ஒரு வாரத்தில் நான் கற்றதை ஒரு பத்தியில் எழுதியிருந்தால் போதும், இந்தத் துறையில் இருக்கிற யாரும் நின்று படிப்பார்கள். ஒரு பொருளறிவியல் ஆய்வகத்துப் பேராசிரியருக்கு என் கருந்துளை ஆர்வத்தை வைத்து என்ன செய்ய முடியும்?

ஜி.ஆர்.இ. கதையும் அப்படித்தான். 2020க்குப் பிறகு பல துறைகள் பிசிக்ஸ் ஜி.ஆர்.இ.யை விருப்பத்துக்கு விட்டுவிட்டன, சில ஏற்பதே இல்லை. எனக்கு அனுப்பிய மூன்று பிஎச்.டி.யில் இரண்டு துறைகள் அதை வாங்குவதில்லை என்று தங்கள் பக்கத்திலேயே எழுதியிருக்கின்றன. நான் ஐந்து நிமிடம் படித்திருந்தால் 18,000 மிஞ்சியிருக்கும்.

எம்.எஸ்.ஸுக்கு ஏன் தள்ளினார்கள் என்பது அப்புறம்தான் விளங்கியது. அமெரிக்காவில் இயற்பியல் பிஎச்.டி.க்கு எடுத்தால் பொதுவாக ட்யூஷன் கட்டணத்தைத் துறையே ஏற்கும், வகுப்பு உதவியாளர் வேலைக்கோ ஆராய்ச்சி உதவிக்கோ மாதச் சம்பளமும் தரும். மாணவர் கட்டணம் கட்டினால்தான் ஏஜென்ட்டுக்குக் கமிஷன். உங்களிடம் பிஎச்.டி.க்கு என்று சொல்லிவிட்டு பேங்க் லோன் பேப்பர் கேட்டார்கள் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். விண்ணப்பக் கட்டணத்தைக்கூட உங்கள் கார்டிலேயே கட்டலாம். கட்ட முடியாதவர்களுக்குக் கட்டண விலக்கு தருகிற துறைகளும் உண்டு, மெயில் போட்டுக் கேட்க வேண்டும்.

பிஎச்.டி. விண்ணப்பம் போயிருந்த மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் நானே எழுதினேன், கல்லூரி மெயிலிலிருந்து, நடந்ததை நடந்தபடி, சாரின் கையெழுத்தோடு ஒரு கடிதமும் சேர்த்து. இரண்டு இடத்திலிருந்து பதில் வந்தது. விண்ணப்பத்தை ரத்து செய்கிறோம், அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றார்கள். மூன்றாவது இடத்திலிருந்து வெறும் நிராகரிப்பு. எங்கேயாவது என் பெயருக்குப் பக்கத்தில் ஏதாவது குறித்து வைத்திருப்பார்களோ என்று இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

பணத்துக்கு முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். கன்சல்டன்சி மசியவில்லை. இப்போது திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. கம்பெனி சென்னையில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் பணமாகக் கொடுத்ததற்குச் சாட்சி வாட்ஸ்அப் செய்தி ஒன்றுதான். நீங்கள் ஒவ்வொரு ரூபாயையும் வங்கி வழியாகக் கொடுங்கள்.

அடுத்த வருடம் நானே ஆறு இடத்துக்கு விண்ணப்பித்தேன். நவம்பரில் ஒரு ராத்திரி சார் கூப்பிட்டார். "மூணு லிங்க் வந்திருக்கும்மா, நாளைக்குள்ள ஏத்திடறேன்" என்றார். உங்கள் கைடுக்கு அப்படி லிங்க் வந்ததா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். வரவில்லை என்றால் உடனே பாஸ்வேர்டை வாங்கி உள்ளே போய்ப் பாருங்கள். கடைசி நாளுக்கு முன்னால் தெரிந்துவிட்டால் அந்தத் துறைக்கு நீங்களே எழுதிச் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது.