சுவிஃப்ட்டுக்குப் போட்ட அலாய் வீலும் கணபதி லேத்துப் பட்டறையும்

கோவையில் அலாய் வீல் வாங்கப் போகிறவர்கள், சென்டர் போர், அதாவது வீலின் நடு ஓட்டை, எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள். இந்த முறை ஊருக்குப் போனபோது என் லீவில் பாதி அந்த ஓட்டைக்கே போய்விட்டது.

அண்ணன் மகனின் மாருதி சுவிஃப்ட்டில் கம்பெனி கொடுத்தது 14 இன்ச் இரும்பு டிஸ்க், 165/80 டயர். டயர் தேய்ந்துவிட்டது. "சித்தப்பா, அப்படியே அலாயும் போட்டுடலாமா?" என்றான். ஆசைப்படுகிற வயசு, சரி என்றேன்.

கடையில் முதலில் எடுத்து வைத்தது 17 இன்ச், 205/45 டயரோடு. பார்க்க அழகுதான். ஆனால் பழைய டயரில் பக்கச் சுவரின் உயரம் 132 மில்லிமீட்டர் (165-ல் 80 சதவீதம்), இதில் 92. நம் ஊர் ஸ்பீடு பிரேக்கருக்கும் மழை முடிந்த பிறகு வாய் பிளக்கும் குழிகளுக்கும் ரிம் எத்தனை நாள் நேராக இருக்கும்? அதே காரின் உயர்ந்த மாடலுக்குக் கம்பெனியே தருகிற 15 இன்ச், 185/65 போதும் என்று நின்றுவிட்டேன். பழைய 14, இந்த 15 இரண்டிலும் டயரின் மொத்த விட்டம் 620 மில்லிமீட்டரை ஒட்டியே வருகிறது. ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறாது, பழைய 14 இன்ச்சில் ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம். கொடுத்த டயரில் 3821 என்று இருந்தது, அதாவது 2021-ன் 38-ஆவது வாரம். வேறு கேட்டேன், முகம் சுளிக்காமல் மாற்றினார்கள்.

எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிக் கிளம்பினோம். பொள்ளாச்சி ரோட்டில் 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் உதறியது. 60-ல் ஒன்றுமில்லை, 80-ல் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. பையன் முகம் செத்துவிட்டது.

திரும்பிப் போனால் பேலன்சிங் போட்டார்கள். உதறல் போகவில்லை. அலைன்மென்ட் பார்த்தார்கள், அதற்குத் தனிக் காசு. அப்புறம், "ரோடு அப்படித்தான் சார். புது டயரு, ஓட ஓட செட்டாயிரும்." எனக்கு வயிறு எரிந்தது. நான் இருக்கிற ஸ்டுட்கார்ட்டில் வெளியே வாங்கும் வீலுக்கு ஒரு காகிதம் உண்டு. எந்தக் கார், எந்த மாடல், எந்த டயர் அளவு, நடு ஓட்டையில் எந்த வளையம் என்று அதில் எழுதியிருக்கும். அதற்குப் பொருந்தாததை மாட்டினால் வண்டி ரோட்டில் ஓடுவதற்கான அனுமதியே போய்விடும். அந்தக் கெடுபிடியை அங்கே எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். பொள்ளாச்சி ரோட்டில் நின்றபோது அதன் அருமை தெரிந்தது.

கோளாறைக் கண்டுபிடித்தது எங்கள் தெருமுனை பஞ்சர் கடைக்காரர். அப்பாவின் ஸ்கூட்டர் காலத்திலிருந்து அதே இடம், அதே தண்ணித் தொட்டி. வீலைக் கழற்றி, "ஏனுங் தம்பி, இது சும்மா தொங்கீட்டு இருக்குதுங்க" என்று நடுவில் இருந்த இடைவெளியைக் காட்டினார். வீல் உட்காரும் நடுக்குமிழான ஹப், சுவிஃப்ட்டில் 54.1 மில்லிமீட்டர். வீலின் ஓட்டை 67.1. பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாகவே வார்த்து விற்கிறார்கள். நான்கு போல்ட், 100 மில்லிமீட்டர் பி.சி.டி. (போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம்) என்று அது மட்டும் சரியாக இருப்பதால் மாட்டிவிட முடிகிறது. ஆனால் நடுவில் ஹப் தாங்காதபோது, வீலை மையத்தில் நிறுத்துவது நட்டின் கூம்பு மட்டும்தான். நட்டு முறுக்கும் கன் வைத்து ஒரு பக்கமாக முறுக்கினால் மயிரிழை விலகிவிடும், வேகத்தில் உதறும். பேலன்சிங் மெஷினில் வீல் வேறு கூம்பில் உட்காருவதால் அங்கே இந்தக் குறை தெரியவே தெரியாது.

இடையில் ஒரு வளையம் போட்டால் தீர்ந்தது. கடையில் கேட்டால் ஸ்டாக் இல்லை, வரவழைக்க வேண்டும் என்றார்கள். நாங்கள் கணபதிக்குப் போனோம், லேத்துச் சத்தம் கேட்டே வழி கண்டுபிடிக்கலாம். பட்டறைக்காரர் ஹப்பையும் வீலையும் தானே வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவி வைத்து அளந்தார், நான் எழுதிக் கொண்டுபோன எண்களை நம்பவில்லை. அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. அலுமினியம் ராடிலிருந்து நான்கு வளையம் கடைந்தார், சுவர் 6.5 மில்லிமீட்டர். கையால் அழுத்தினால் உட்கார்ந்தது, ஆடவில்லை. டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. கூலி 800 ரூபாய். ஜெர்மனியில் இதை ஆர்டர் போட்டுவிட்டுப் பார்சலுக்குக் காத்திருப்பேன். கடைந்து தர எந்தப் பட்டறையும் கதவைத் திறக்காது.

"அலுமினியம் ஹப்புல புடிச்சுக்கும், லேசா கிரீஸ் தடவிப் போடுங்க. நட்ட குறுக்கால குறுக்கால முறுக்கோணும். நூறு கிலோமீட்டர் ஓடுனதும் இன்னொருக்கா பாத்துக்கோங்க" என்றார்.

அதே பொள்ளாச்சி ரோடு, அதே வேகம், ஸ்டியரிங்கில் துளி நடுக்கம் இல்லை. இதைச் சொல்லக் கூடாதா அந்தக் கடையில்? நாலு வீல் விற்கிறவர்களுக்கு ஒரு வெர்னியர் பெரிய செலவா? இத்தனை லேத்து இருக்கிற ஊரில், வாங்குகிறவன் தலையில் இதைக் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வீலுக்குப் பின்னால் அச்சடித்திருக்கும் அகலம், ஆஃப்செட் (ஹப்பில் உட்காரும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது), தாங்கும் எடை மூன்றையும் பாருங்கள். பில்லில் வளையத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.